தேத்தண்ணி நிறத்தில் ஒரு தொட்டி: பெஸ்தாரி ஜெயாவில் ஆறு நாள்

முதல் நாள், இரவு

சென்னை கொளத்தூரில் பதினெட்டு வருஷமாக மீன் தொட்டி அமைத்துக் கொடுக்கிறேன். கிளம்பும்போது வீட்டில் ஒரே ஒரு வேண்டுகோள்தான்: "அங்கே போயும் மீன் கடை வாசல்ல நிக்காதீங்க." விமானம் இறங்கி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் அடித்தளத்தில், தலைக்கு மேல் சுறா போக, அண்ணாந்து நின்றிருந்தேன். என் தப்பில்லை, அழைத்துப்போக வந்தவன் செய்த வேலை.

வந்தவன் மாமாவின் பேரன். அம்மாவின் பெரியப்பா வழியில் எங்களுக்கு மலேசியாவில் ஒரு மாமா உண்டு. அவர் மகள் வயிற்றுப் பிள்ளை இவன். பதினாறு வயசு. பேர் எதுவோ இருக்கிறது, வீட்டில் எல்லாரும் 'பாய்' என்றே கூப்பிடுகிறார்கள். அவன் அப்பா கார் ஓட்ட, இவன் பின்சீட்டிலிருந்து வழி சொல்ல, நேராக அக்குவாரியா கே.எல்.சி.சி.க்கு வந்துவிட்டோம்.

2003இல் திறந்த இடம். மலையில் பிறக்கும் தண்ணீர் ஆறாகி, சதுப்புக்காடு கடந்து கடலில் சேர்கிற வழியையே நடைபாதையாக அமைத்திருக்கிறார்கள். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. தனித்தனித் தொட்டியாக இல்லாமல் ஒரு கதைபோலப் போகிறது. கடைசியில் 90 மீட்டர் கண்ணாடிக் குகை. கீழே நகரும் பட்டை, நிற்பவர்களை அதுவே இழுத்துக்கொண்டு போகிறது. இந்தப் பட்டை யோசனை பழசு. 1985இல் ஆக்லாந்தில் கெல்லி டார்ல்டன் என்பவர் பழைய கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் குகை அமைத்தபோதே ஆட்களைப் பட்டையில் ஏற்றிவிட்டார்.

தொழில்காரன் என்பதால் நான் மீனைப் பார்ப்பதைவிட மீன் பார்க்கிறவர்களைத்தான் அதிகம் பார்ப்பேன். குகைக்குள் எல்லார் வாயும் திறந்திருந்தது, என்னுடையதும்தான். சிறுவர்கள் கூரையைத் தொட எம்பினார்கள். ஆனால் குகையில் ஒரு சங்கதி உண்டு. தட்டைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாலடி தள்ளி இருக்கும் மீன், ஒளி விலகுவதால் மூன்றடியில் இருப்பதுபோல நெருங்கித் தெரியும். நம் பக்கமாக வளைந்து கவிழ்ந்த குகைக் கண்ணாடியில் அதே மீன் சிறுத்துத் தெரியும். அவ்வளவு பெரிய சுறாவைக் காட்டிவிட்டு அதைக் கொஞ்சம் குறைத்தும் காட்டுகிற வடிவம் அது. பாய் இதை நம்பவில்லை. அவன் அறையில் ஒகினாவாவின் சுராவுமி காட்சியகப் படம் ஒட்டியிருக்கிறானாம், திமிங்கலச் சுறா நீந்துவது. அது 2002இல் வைத்த தட்டைக் கண்ணாடி, 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். "அப்போ அந்தச் சுறா நெசமாவே பெருசு இல்லையா மாமா?" என்று கேட்டான். பெரிசுதான், கண்ணாடி இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது என்றேன். முகம் வாடிவிட்டது.

"உங்களுக்கு எது பிடிச்சது?" என்றான். அமேசான் வெள்ளக்காட்டுப் பகுதி என்றேன். அங்கே அராபைமா என்ற பெரிய ஆற்றுமீன் மங்கலான தண்ணீரிலிருந்து மெல்ல முன்னால் வந்து, முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் போனது. அது எப்போது மறுபடி வரும் என்று நின்றேன். குகையில் நான் நிற்கவில்லை, பட்டை என்னைக் கொண்டுபோய்விட்டது.

சரி, இவ்வளவு விசாரணை ஏன் என்று காரில் ஏறியபிறகுதான் தெரிந்தது. மாமா ஊரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. வராந்தாவில் நாலடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது, யாரோ அன்பளித்தது. அதை எப்படி அமைப்பது என்று இரண்டு மாதமாகச் சண்டையாம். "நீங்க வர்றீங்கன்னு தாத்தா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க."

விடுமுறை போச்சு.

இரண்டாம் நாள்

காலையில் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். நம் ஊரில் இப்போது அதிகம் கேட்காத ஒரு சொல் இங்கே ரொட்டி சானாய்க்குப் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். மாமா வயசுக்காரர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நேர்க்கோட்டில், கண் எட்டும் வரை. அருகே தென்னமரம் தோட்டம். பெயர்தான் தென்னை. 1917இல் ஹென்றி ஃபாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது அங்கேதான். மேற்கு ஆப்பிரிக்காவின் மரம், பிரெஞ்சுக்காரர் தோட்டம், தமிழில் பெயர். மாமாவின் அப்பா கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், மாமா செம்பனையில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து லயத்து வீடுகள் போய் டாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. ஆனால் சாயங்காலம் நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவது போகவில்லை.

மாமாவின் கார் கொட்டகையில் ஒரு மூன்றடித் தொட்டி. உள்ளே ஒன்றுமே இல்லை. மணல், கல், செடி எதுவும் கிடையாது. வெறும் கண்ணாடி, வெள்ளை விளக்கு, நடுவில் நெற்றி புடைத்த ஒரு லோ ஹான் மீன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மலேசியாவிலேயே கலப்பினமாக உருவாக்கிய மீன் அது. அப்போது ஊரெல்லாம் அதன் பித்துப் பிடித்து அலைந்ததாம். விலாவில் உள்ள கறுப்புப் புள்ளிகளை எண்ணாக வாசித்து நாலு நம்பர் லாட்டரி எடுப்பார்கள்.

"விழுந்திருக்கா மாமா?"

"ஒருவாட்டி ஆறுதல் பரிசு. அதுக்கு அஞ்சு மடங்கு தீனி தின்னுட்டான்."

ஏன் தொட்டியில் ஒன்றும் போடவில்லை என்று கேட்டேன். "மீன் பார்க்கத்தானே வாங்குறோம். மத்தது எல்லாம் எதுக்கு?" என்றார். நியாயம்தான். தவிர லோ ஹான் கல்லைத் தோண்டிப் புரட்டிவிடும், செடியைப் பிடுங்கிவிடும். வெறும் தொட்டியை நான் கேலி செய்ததுண்டு. ஆனால் மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த மீன் கண்ணாடி ஓரம் வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகு கேலி வரவில்லை. அது காட்சி இல்லை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது.

மாலையில் மாமாக் கடையில் கூட்டம். மாமாவின் கடை இல்லை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால்தேநீர் ஐந்து, அபிப்பிராயம் ஆறு.

தலைமையாசிரியைக்கு நீலப் பின்புறம், வண்ணக் கூழாங்கல், நடுவில் கோட்டை, மூடியைத் திறந்து குமிழி விடும் புதையல் பெட்டி, தங்கமீன் நாலு. "பிள்ளைங்களுக்குக் கலரா இருக்கணும்ங்க." உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கடையில் அதிகம் விற்பது அந்தக் கோட்டைதான். அதில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளருக்குக் கடல்தொட்டி. பவளம், கோமாளி மீன். கணக்குப் போட்டுக் காட்டினேன்: உப்பு, தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம், பவளத்துக்கான விளக்கு, மாதாமாதம் மின்கட்டணம். எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) என்று கேட்டதும் அவரே தட்டை நகர்த்திவைத்துவிட்டார்.

மாமாவுக்கு ஒரே ஒரு கெலிசா மீன், நாம் அரோவானா என்பது, வெறும் தொட்டியில். காடுகளில் அருகிவிட்டதால் அனுமதியும் மின்சில்லும் இல்லாமல் அதை விற்கவோ வாங்கவோ கூடாது. பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவராது.

என்னிடம் கேட்டார்கள். நான் படித்ததெல்லாம் வாயில் வந்தது. தக்காஷி அமானோ, ஜப்பான்காரர், மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்து நிழற்படக்காரராகி, பிறகு தொட்டிக்குள் தோட்டம் போட்டவர். இவாகுமி என்று ஒரு முறை: ஒற்றைப்படையில் கற்கள், ஒரு தலைக்கல், மற்றவை அதற்கு அடங்கி நிற்கும், சுற்றிலும் புல் மாதிரி செடி, அவ்வளவுதான். 2015இல் லிஸ்பன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி அமைத்தார், அதே வருஷம் இறந்தும் போனார். செல்போனில் படம் காட்டினேன்.

மாமா உற்றுப் பார்த்தார். "கல்லு பார்க்கவா பிள்ளைங்க பள்ளிக்கூடம் வருது?"

சிரிப்பு அடங்க நேரமானது. எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த மாதிரித் தொட்டிக்குக் கரியமிலவாயுச் சிலிண்டர் வேண்டும், வாரா வாரம் கத்தரி பிடிக்க ஆள் வேண்டும். பள்ளி விடுமுறையில் யார் வருவது?

பாய் அதுவரை பேசவில்லை. கடைசியில் மெதுவாக, "நம்ம அல்லூத்துல இருக்கிற மீனையே வைக்கலாமே" என்றான். இங்கே கால்வாயை, சாக்கடையை எல்லாம் அல்லூறு என்கிறார்கள். தலைமையாசிரியை முகம் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாம் நாள்

மழை. பகல் முழுக்க மழை. தூங்கினேன், அத்தை செய்த நண்டுப் பிரட்டல் சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். லோ ஹான் என்னைக் கண்டாலே முட்ட வருகிறது.

நான்காம் நாள்

பாயும் நானும் மோட்டாரில் வடக்கே போனோம். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள். ஓட்டியது நான்தான். செம்பனை முடியும் இடத்தில் ராஜா மூசா காடு தொடங்குகிறது. வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. மொத்தம் எழுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல். உள்ளே போகவில்லை, பாதுகாக்கப்பட்ட காடு. சாலை ஓரக் கால்வாயிலேயே நின்றுவிட்டோம்.

தண்ணீர் கோப்பி ஓ நிறம். பாலில்லாத கறுப்புக் காப்பியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பல்லாயிரம் வருஷமாக விழுந்து மக்காமல் கிடக்கும் இலையும் மரமும் தண்ணீரில் ஊறி இறக்கிய சாறு. பையில் எப்போதும் வைத்திருக்கும் அமிலச் சோதனைத் தாளை நனைத்தேன். pH 4க்குப் பக்கத்தில் காட்டியது, நல்ல அமிலம். நம் ஏரி மீன்களைக் கொண்டுவந்து விட்டால் அரை நாள் தாங்காது. இதற்குள்ளேதான் பெத்தா லிவிடா என்ற சண்டை மீன் வாழ்கிறது. உலகத்தில் இந்தச் சிலாங்கூரில் மட்டும் உள்ள இனம், 1992இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். பார்க்க முடியுமா என்றால் முடியாது. அரை மணி நேரம் குனிந்து நின்றதில் என் முகம்தான் தெரிந்தது. எடுத்துப்போகும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.

பாய் ஒரு தண்ணீர்ப் போத்தலில் கால்வாய் நீரை மட்டும் மொண்டான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் இருவரும் பேசாமல் நின்றோம். கறுப்பாக இருந்தது இப்போது வெளிர்தேநீர் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. போத்தலுக்குப் பின்னால் அவன் விரல் ரேகை வரை தெரிந்தது. கலங்கல் இல்லை, சாயம்தான். இத்தனை வருஷம் தண்ணீரை வெள்ளையாக வைப்பதே சுத்தம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். கார்பன் வடிகட்டி விற்பதற்கு அது வசதியான பேச்சும்கூட.

திரும்பும் வழியில் செம்பனைக்கு நடுவே ஓடும் கால்வாயில் மீன் பிடித்தோம். வலை அத்தையுடைய மாவுச் சல்லடை, இது அத்தைக்கு இன்னும் தெரியாது. செலுவாங் கெண்டை பதினைந்து, செப்பாட் நாலு, அப்புறம் கறுத்துத் தடித்த ஒரு சின்ன மீன். மோட்டார் வாளியிலிருந்து இரண்டு முறை குதித்தது.

"பூயு" என்றான் பாய்.

"பனையேறிக் கெண்டை" என்றேன் நான்.

அவனுக்கு அந்தப் பெயர் புதுசு. கதையைச் சொன்னேன். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தானே பார்த்துப் பிடித்ததாக எழுதினார். 1797இல் அது அச்சில் வந்தது. பிறகு வந்தவர்கள் ஏறுமா ஏறாதா என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். தரையில் செவுள் மூடியை ஊன்றி நடக்கும், அதில் சந்தேகமில்லை. காற்றையும் மூச்சாக இழுக்கும். பாய் வாளியைப் பார்த்தான், சுற்றியிருந்த செம்பனையைப் பார்த்தான். "இதுவும் பனைதானே மாமா?"

இதைத் தொட்டியில் போடாதே, சின்ன மீனைக் கடிக்கும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் மாமா, "இவன்தான் ஹீரோ, இவன் இல்லாமலா?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள்

காலை எட்டு மணிக்குப் பள்ளி. தலைமையாசிரியை அறைக்குப் போய், வெள்ளைச் சுவருக்கு முன்னால் போத்தலை வைத்தோம். நான் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். மான்டரே காட்சியகத்தைச் சொல்வதாக இருந்தேன்: 1984இல் பழைய மத்தி மீன் ஆலை இருந்த இடத்தில் கட்டியது, முக்கியமாகத் தன் வாசலில் உள்ள வளைகுடாவையே காட்டுவது, 28 அடி உயரக் கடற்பாசிக் காட்டுத் தொட்டி, மேலே திறந்து வெயில் விழும். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒரு சின்னப் பெண், "டீச்சர், தேத்தண்ணிக்குள்ள மீன் விடப்போறாங்களா?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியை போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த பக்கம் தெரியுதே" என்றார். மான்டரே தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: பன்னிரண்டு வெள்ளி கொடுத்து அவர் வாங்கிவைத்த நீலப் பின்புறப் படத்தை ஒட்டியே ஆக வேண்டும். கோட்டை பிறகு பார்க்கலாம்.

படத்தை விரித்தேன். தொழில்காரர்களுக்குத் தெரியும், அந்த மாதிரிப் படம் இரு பக்கமும் அச்சிட்டு வரும். ஒரு பக்கம் நீலமும் பவளப்பாறையும், மறுபக்கம் வெறும் கறுப்பு. பாய் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். படம் ஒட்டப்பட்டது. எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லையே.

நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, ஏறக்குறைய 250 லிட்டர். மேசை இரண்டே முக்காலடி உயரம் போதும் என்றேன், முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கண் தொட்டியின் நடுவுக்கு வர வேண்டும். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். ஆற்றுமணலைக் கழுவி, முன்னால் இரண்டு விரல் கனம், பின்னால் ஒரு சாண் வரும்படி சரித்தேன். சரிவு இருந்தால் ஒன்றரையடி ஆழம் மூன்றடி மாதிரி ஏமாற்றும். ஆற்றங்கரையில் கிடந்து வெளுத்த மரவேர் ஒன்று, இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குச் சாய்ந்து விழுந்ததுபோல. அதற்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு இருட்டு மூலை. விளக்கு இடப்பக்கம் மட்டும். பள்ளி மைதானத்து வாதுமை மரத்தில், இங்கே கெத்தாப்பாங் என்கிறார்கள், காய்ந்து விழுந்த இலைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். ஒருநாள் விட்டு வைத்த குழாய்த் தண்ணீரில் அவற்றை ஊறப்போட்டதும் நிறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. மாமா லோ ஹான் தொட்டியின் பழைய வடிகட்டிப் பஞ்சைக் கொண்டுவந்து தந்தார். அழுக்குப் பஞ்சுதான். அதில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் இல்லாமல் புதுத்தொட்டியில் மீன் பிழைப்பது கஷ்டம்.

மீன் விட்டதும் நாற்பது பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார்கள். பத்து நொடியில் எல்லா மீனும் வேருக்குப் பின்னால் போய்விட்டது.

"மீனே இல்லையே!"

பொருளாளர் என்னைப் பார்த்த பார்வையில் கோமாளி மீனின் ஞாபகம் இருந்தது. கூட்டம் பாதி கலைந்தது. மீதி நின்றது. ஐந்து நிமிடம் இருக்கும், ஜன்னலில் எட்டிப் பார்த்த அதே பெண், இலைக்கு அடியில் பூயுவின் வாலைக் கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. பக்கத்திலிருந்தவளின் காதில் சொன்னாள். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். மணியடித்தும் ஏழெட்டுப் பேர் அசையவில்லை. கலைந்துபோனவர்களில் சிலர் திரும்பி வந்து, "எங்கே, எங்கே" என்று அவளையே கேட்டார்கள். என் கடையில் தொட்டி வாங்குகிறவர்கள் காசு கொடுத்துவிட்டு செல்போனைப் பார்ப்பார்கள். இப்படி நின்று நான் பார்த்து நாளாயிற்று.

இரவு கம்போங் குவாந்தான் போய்ச் சம்பான் படகில் மின்மினி பார்த்தோம். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில், ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகின்றன. விளக்குப் போடக்கூடாது, பளிச்சென்று படம் எடுக்கக்கூடாது. துடுப்பு போடுகிறவர்கூடப் பேசவில்லை. மாமா மட்டும் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார். நாலு நம்பருக்காக இருக்கும்.

ஆறாம் நாள், விமான நிலையம்

பாயிடமிருந்து இப்போதுதான் குரல் செய்தி வந்தது. காலையில் பள்ளிக் காவல்காரர் கதவைத் திறந்தபோது பூயு வராந்தாவின் கோடியில், மாடிப்படியின் முதல் படி அருகே போய்க்கொண்டிருந்ததாம். உடம்பெல்லாம் தூசி, உயிர் நன்றாக இருந்திருக்கிறது. பக்கெட்டில் போட்டுத் திரும்ப விட்டாராம். சம்பவத்தைப் பார்க்காத பிள்ளைகள் காவல்காரரைச் சுற்றி நின்று மறுபடி மறுபடி சொல்ல வைக்கிறார்களாம், ஒவ்வொரு முறையும் மீன் ஒரு படி மேலே ஏறிவிடுகிறதாம்.

தப்பு என்னுடையதுதான். ஒகினாவா கண்ணாடியின் தடிமனை மனப்பாடமாக ஒப்பித்தவன், வடிகட்டிக் குழாய் போகும் இடத்தில் மூடியில் இரண்டு விரல் சந்து விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் தரங்கம்பாடிக் கதையைச் சொன்ன மறுநாள்.

சந்தை எதைக் கொண்டு அடைத்தீர்கள் என்று கேட்டு அனுப்பினேன். படம் வந்தது. மூடியின் மேலே, சந்தை அழுத்திக்கொண்டு, தலைமையாசிரியையின் பிளாஸ்டிக் கோட்டை.